வாடை பிறக்கும் திசை

நுழையும்முன்

குளிரை அளக்க வெப்பமானி போதும். குளிர்கின்றவரை அறிய அது போதாது. தென்னாட்டு மலையூர் ஒன்றிலிருந்து வடசீனப் பெருநகர் ஒன்றுக்குக் கடுங்குளிர்காலத்தில் சென்று வந்த ஒரு தந்தையின் பயணத்தை இவ்வுரைநடை கூறுகிறது. ஊர் பார்க்கப் போனவர் எதைப் பார்த்து வந்தார் என்பதே இதன் பொருள்.

மலையை விற்றவர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் சேர்வராயன் மலைமீது ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அவ்வூரின் நடுவே சாலைகள் பிரியும் சந்திப்புக்கு ஒண்டிக்கடை என்று பெயர். 'ஒண்டி' என்னும் சொல்லுக்குத் தனிமை என்பது பொருள். தனித்த கடையின் பெயரால் வழங்கும் அவ்விடம் இன்று கடைகளும் வண்டிகளும் நெருங்கிய வட்டமாகிவிட்டது. விடுமுறை நாள்களில் அங்கே நிற்க இடமிருக்காது.

அந்த வட்டத்தின் ஓரத்தில் முப்பது ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டி வருபவர் அவர். ஏரி, சேர்வராயன் கோயில், பகோடா முனை என்று வருகின்றவர்களை அழைத்துச் சென்று காட்டுவது அவர் தொழில். "குளிர் எப்படி இருக்கும்?" என்று கேட்காத பயணியர் இல்லை. "மார்கழியில் வந்து பாருங்கள். குளிர் என்றால் அதுதான் குளிர்" என்பது அவரது மாறாத விடை. இரவில் வெப்பநிலை 12, 13 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் மார்கழியையும் தையையும், தாமே படைத்த பொருளைப் போலப் பெருமையுடன் அவர் சொல்வார்.

அவருடைய இளைய மகள் மருத்துவம் பயிலச் சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகருக்குச் சென்றாள். வங்கிக் கடனும் கைமாற்றுக் கடனும் சேர்ந்தே அவளை வானூர்தியில் ஏற்றின. சென்ற தொடக்கத்தில் நாள்தோறும் அழைத்தாள். உணவு பிடிக்கவில்லை, மொழி புரியவில்லை, காது வலிக்கிறது, கை வெடிக்கிறது என்று குறைகளாகவே சொன்னாள். டிசம்பர் பிறந்ததும் அழைப்புகள் சுருங்கின. "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

"பழகிக்கொண்டாள்" என்று மகிழ்ந்தார் தந்தை. தாய் மகிழவில்லை.

"குறை சொல்லுகிற வரைக்கும் பிள்ளை நம் பக்கத்தில் இருக்கிறது. சொல்வதை நிறுத்திவிட்டாளே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.

சிங்கப்பூரில் பணிபுரியும் மூத்த மகன் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தான். ஜனவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தில், மலையைத் தவிர வேறு குளிரை அறியாத அம்மனிதர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

வாடையின் வீடு

வடக்கிலிருந்து வீசும் காற்றை வாடை என்றனர் தமிழர். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். நான்கனுள் வாடைக்கே நடுங்க வைக்கும் இயல்பு உண்டு. 'பனி' என்னும் சொல்லும் அவ்வாறே. அது மார்கழிக் காலையின் ஈரத்தையும் குறிக்கும். பனித்தல் என்னும் வினையாகி நடுங்குதலையும் குறிக்கும். குளிரையும் அதனால் உடல் படும் பாட்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது.

ஆயினும் தமிழகத்தைத் தொடும் வாடை, வட ஆசியாவின் உண்மையான வாடையன்று. குளிர்காலத்தில் சைபீரியப் பெருவெளியின்மீது அடர்ந்த குளிர்காற்று தேங்குகிறது. அங்கே காற்றழுத்தம் மிகுகிறது. அதனால் அக்காற்று தெற்கும் கிழக்குமாகப் பரந்து வழிகிறது. இந்தியாவை நோக்கி வரும் வழியில் இமயம் சுவராக நின்று அதனைத் தடுக்கிறது. ஹார்பினுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஏறத்தாழ 45.8 பாகை வட அட்சக்கோட்டில் அந்நகர் அமைந்துள்ளது. இத்தாலியின் மிலான் நகரும் ஏறக்குறைய அதே அட்சக்கோட்டில்தான் உள்ளது. மிலானில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே நிற்க, ஹார்பினில் அது சுழியத்திற்குக் கீழே 18 பாகை அளவுக்கு இறங்குகிறது. இரவுகளில் 25 பாகைக்கும் கீழே செல்வதுண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவு மட்டும் ஓர் ஊரின் குளிரை முடிவு செய்வதில்லை. எந்தக் காற்றின் பாதையில் ஊர் இருக்கிறது என்பதும், அதனைக் காக்க அருகில் எது நிற்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

பெய்ஜிங்கிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைத் தொடர்வண்டியில் கடந்தார் அவர். சாளரத்துக்கு வெளியே அறுவடை முடிந்த சோளக்காடுகள் வெண்மையில் மூழ்கிக் கிடந்தன. பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்தது. கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று அதனைக் காதருகே வைத்துப் பார்த்தார்.

நிலையத்தில் மகள் நின்றாள். கண்கள் மட்டுமே தெரிந்தன. தடித்த மேலாடை ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அதனை அணிவித்துக் கழுத்துப்பட்டையைச் சுற்றி, தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டாள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயைப் போல இருந்தது அவள் செய்கை. வெளியே வந்தவுடன் மூக்கினுள் இருந்த ஈரம் முள்ளாய்க் குத்தியது. மூச்சுவிட்டபோது கழுத்துப்பட்டையில் வெண்பொடி படிந்தது. சுழியத்திற்குக் கீழே 24 பாகை என்றாள் மகள். ஏற்காட்டில் அவர் போர்வைக்குள் சுருண்ட இரவுக்கும் இந்த இரவுக்கும் இடையே 37 பாகை வேறுபாடு. முப்பது ஆண்டுகள் தாம் சொல்லி வந்த 'குளிர் என்றால் அதுதான் குளிர்' என்னும் தொடர் நினைவுக்கு வர, அவர் தமக்குள்ளேயே நகைத்துக்கொண்டார்.

பனிக்கட்டி நகரம்

பருவத்தேர்வு முடிந்திருந்ததால் மகள் தந்தைக்கு நகரைச் சுற்றிக் காட்டினாள். உருசியர் தொடங்கிய இருப்புப்பாதைப் பணியோடு 1898 முதல் வளர்ந்த நகர் அது. அதனால் சீனப் பெயர்ப் பலகைகளுக்கு மேலே உருசியக் கட்டடங்களின் குவிமாடங்கள் எழுகின்றன. பச்சைக் குவிமாடம் கொண்ட புனித சோபியா பேராலயத்தின் முன் அவர் நெடுநேரம் நின்றார். கல் பாவிய நடுத்தெருவில் திறந்தவெளி அட்டைப் பெட்டிகளில் பனிக்கூழ் விற்றனர். அதற்குக் குளிர்பெட்டி தேவைப்படவில்லை. அந்தக் குளிரிலும் மக்கள் அதனை வாங்கிச் சுவைத்துக்கொண்டே நடந்தனர்.

மாலையில் சுங்குவா ஆற்றின் மறுகரையிலுள்ள பனிக்கட்டி நகரத்துக்குச் சென்றனர். கோபுரம், கோட்டை, பாலம், படிக்கட்டு அனைத்தும் பனிக்கட்டியால் எழுப்பப்பட்டவை. உள்ளே பொருத்திய விளக்குகள் ஒளிர, ஆற்று நீரே மாளிகையாகி நின்றது. வாளியில் நீரை வைத்து, ஓரங்கள் உறைந்தபின் நடுவில் உறையாத நீரைக் கொட்டிவிட்டு, அந்தக் குழிவில் விளக்கேற்றும் வழக்கம் அந்நாட்டு மீனவர்களிடம் இருந்தது. காற்றில் அணையாத அவ்விளக்கே இவ்வளவு பெரிய கலைக்கும் மூலம். 1963இல் நகரப் பூங்கா ஒன்றில் பனிக்கட்டி விளக்குக் கண்காட்சி நடந்தது. இடையில் தடைப்பட்டு, 1985 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 5ஆம் நாள் தொடங்கும் திருவிழாவாக அது வளர்ந்துள்ளது.

வந்தவர் அனைவரும் வியந்து நின்றனர். அவரும் வியந்தார். ஆனால் முப்பது ஆண்டுகள் பிறருக்கு ஊரைக் காட்டியவரின் கண், காட்சிக்குப் பின்னால் நிற்பவர்களைத் தேடியது.

"இவ்வளவு கட்டியும் எங்கிருந்து வந்தது?"

"இந்த ஆற்றிலிருந்துதான் அப்பா. டிசம்பரில் ஆறு உறைந்ததும் அறுத்தெடுப்பார்கள். விடியும் முன்பே ஆற்றின் நடுவில் நின்று வேலை செய்வார்கள்."

அவருக்கு ஒண்டிக்கடையின் விடியற்காலை நினைவுக்கு வந்தது. பயணியர் பனிமூட்டத்தைப் படம் எடுக்கும் அதே மாதங்களில்தான் சேர்வராயன் தோட்டங்களில் காப்பிப் பழம் சிவக்கிறது. கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டுக்கொண்டு பழம் பறிக்கச் செல்லும் பெண்கள் இருளிலேயே சாலையோரம் நிற்பார்கள். ஈரச் செடிகளுக்குள் நுழைந்து பறிப்பவர்களின் விரல் விறைத்துப்போகும். ஓர் ஊரின் குளிர் ஒருவருக்குக் காட்சி, மற்றொருவருக்குக் கூலிவேலை.

வலி நிற்கும் இடம்

திரும்பும் வழியில் அவர் கையுறையைக் கழற்றிப் படம் எடுக்க முயன்றார். விரல் நுனிகள் எரிந்தன. சிறிது நேரத்தில் எரிச்சல் அடங்கியது.

"இப்போது பரவாயில்லை. கை பழகிவிட்டது" என்றார்.

மகள் சட்டென்று அவர் கைகளைப் பற்றித் தன் மேலாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பழகவில்லை அப்பா, மரத்துப்போகிறது. வலிக்கும் வரைக்கும் பயம் இல்லை. உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் எரியும். பிறகு உணர்ச்சி குறையும். வலி நின்றுவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதுதான் தோல் உறையத் தொடங்கும். அப்போது தேய்க்கவும் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மெல்ல மெல்ல மீட்க வேண்டும்."

"மூக்கு உறைந்தால்?"

"மூக்கும் கன்னமும் வெளுத்துவிடும். ஆனால் அது நமக்கே தெரியாது. உடன் வருகின்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

மருத்துவ மாணவியின் தெளிவோடு அவள் சொன்னாள். தந்தையின் காதிலோ, மனைவி அடுப்படியில் நின்று சொன்ன சொல் மீண்டும் ஒலித்தது. குறை சொல்வதை நிறுத்திவிட்டாளே! எழுத்தறிவு மிகாத அத்தாயும், நூல் பயின்ற இம்மகளும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றனர் என்பது அந்த உறைந்த தெருவில் அவருக்கு விளங்கியது.

உடனே கேட்டுவிட வாயெடுத்தார். கேட்கவில்லை. கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்ற விடையே வரும் என்பதை அவர் அறிவார்.

கருத்த பேரிக்காய்

மகள் தங்கியிருந்த விடுதியின் காப்பாளர் அறுபது வயதை நெருங்கிய சீனப் பெண்மணி. விடுமுறையில் விடுதி வெறிச்சோடிக் கிடந்தது. கீழ்த்தளக் கூடத்தில் தந்தையும் மகளும் அமர்ந்திருந்தனர். வெளியே எலும்பை ஊடுருவும் குளிர். உள்ளே சுவரோரக் குழாய்களில் ஓடிய வெந்நீரின் வெம்மை. காப்பாளர் ஒரு கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தார். அதில் கரிய, கல் போன்ற மூன்று உருண்டைகள் கிடந்தன. உறைந்த பேரிக்காய்கள் என்றாள் மகள். குளிர்காலத்தில் வடகிழக்குச் சீனர் விரும்பி உண்பது அது.

அவர் ஒன்றை எடுத்துக் கடிக்கப் பார்த்தார். காப்பாளர் கையை அசைத்துத் தடுத்தார். அருகில் வெந்நீர்க் குடுவை இருந்தது. அதனைச் சுட்டி, ஊற்றலாமா என்று சாடையால் கேட்டார். அதற்கும் தலையசைத்து மறுத்த அப்பெண்மணி, குளிர்ந்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, பொறுத்திருக்குமாறு விரல்களால் காட்டினார்.

மூவரும் கிண்ணத்தைப் பார்த்திருந்தனர். சற்று நேரத்தில் பழங்களைச் சுற்றிக் கண்ணாடி போன்ற பனிக்கட்டி ஓடு படர்ந்தது. பழத்தின் உள்ளிருந்த குளிர் சுற்றியுள்ள நீரை உறையச் செய்ய, பழம் மெல்ல இளகியது. நெடுநேரம் சென்றபின் காப்பாளர் ஓட்டைத் தட்டி உடைத்தார். கல்லாயிருந்த காய் கையில் குழைந்தது. கடித்தபோது இனிய சாறு வழிந்தது.

அந்த நெடுநேரத்தில் தந்தை எதையும் கேட்கவில்லை. தம்மைப் பற்றியே பேசினார்.

"முப்பது வருடமாக மலையின் குளிரை விற்றுப் பிழைக்கிறேன் கண்ணு. வருகிறவர்களிடம் குளிர்தான் எங்கள் சொத்து என்பேன். உண்மையில் எனக்குக் குளிர் ஆகாது. ஐந்தாறு வருடமாக மார்கழி வந்தால் முழங்கால் மடங்குவதில்லை. வளைவுகளில் மிதியை அழுத்தும்போது உயிர் போகும். உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை."

மகள் தலை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் அப்பா சொல்லவில்லை?"

"சொன்னால் வண்டி ஓட்டாதே என்பாள். ஓட்டாவிட்டால் கடன் எப்படி அடையும்?"

அவள் கண்கள் கலங்கின. பழத்தை வைத்துவிட்டாள்.

"அதற்காகத்தான் அப்பா நானும் சொல்லவில்லை. கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் இங்கே குளிருகிறது என்று எந்த வாயால் சொல்வது? மூன்றரை மணிக்கு இருட்டத் தொடங்கினால் பொழுதே போகவில்லை. ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அழுகைகூட வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்."

அவர் அவளைத் தேற்றவில்லை, அறிவுரை கூறவுமில்லை.

"வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் வந்துவிடு கண்ணு. கடன் என்னுடையது. அதை நீ சுமக்க வேண்டாம். இங்கேயே படிப்பதென்றாலும் படி. ஆனால் குளிருகிறது என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதே."

மொழி அறியாத காப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து சென்று, தாம் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்றைக் கொண்டு வந்து அப்பெண்ணின் தலையில் இட்டுக் காதுகளை மறைத்துவிட்டார்.

நடுக்கத்தைக் கண்டவர்கள்

குளிர்காலத்துப் பெருநகர் ஒன்றைத் தமிழிலக்கியமும் காட்டியிருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையை இயற்றியவர் நக்கீரர். 188 அடிகள் கொண்ட அப்பாட்டில் ஆயர் நெருப்பைச் சூழ்ந்து நின்று குளிர்காய்கின்றனர். மாடத்துப் புறாக்கள் இரவும் பகலும் அறியாது மயங்கி நிற்கின்றன. விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. வாடையின் கொடுமையை இவ்வளவு விரித்துரைத்த புலவர், பாட்டின் முடிவில் பாசறைக்குச் செல்கிறார். அங்கே வாடை வீசும் நள்ளிரவில் அரசன் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகின்றான். காட்சியின் அழகோடு அப்பாட்டு நின்றுவிடவில்லை. வலியுற்றவரைத் தேடிச் சென்று காண்பவனிடம் போய் முடிகிறது.

குளிரில் நடுங்கியதாகக் கருதி மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். மயில் அவனிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கேளாமலே கண்டுகொண்டதற்காகத்தான் தமிழுலகம் அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக இன்றும் போற்றுகிறது.

ஊர் திரும்பும் நாளில் நிலைய வாயிலில் மகள் விடைகொடுத்தாள். திரும்புவாளா, படிப்பைத் தொடர்வாளா என்பதை அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நடக்கத் தொடங்கியவரை ஓடிவந்து நிறுத்தினாள்.

"அப்பா, மூக்கு வெளுத்திருக்கிறது. மூடிக்கொள்ளுங்கள்."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மீண்டும் ஒண்டிக்கடை

தை மாத விடியல். ஒண்டிக்கடை பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் அமர்ந்து முதல் சவாரிக்குக் காத்திருப்பது அவர் வழக்கம். சாலையோரம் காப்பித் தோட்டத்து வண்டிக்காகப் பெண்கள் நின்றனர். அவர்களுள் ஒரு முதியவரின் உதடு நடுங்கியது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த இடத்தில் நிற்பவர்தான் அவர். வண்டியின் கண்ணாடி வழியே அவ்வளவு நாளும் உருவம் மட்டும் தெரிந்திருந்தது. நடுக்கம் தெரிந்ததில்லை.

அவர் கதவைத் திறந்தார்.

"அம்மா, உங்கள் வண்டி வரும்வரை உள்ளே வந்து உட்காருங்கள்."

முதியவர் தயங்கினார். "நமக்கு என்ன குளிர், பழகிப்போச்சு" என்றார்.

"பழகாதம்மா. வாருங்கள்."

அவர் ஏறி அமர்ந்தபின் அருகிலிருந்த கடையில் இரண்டு தேநீர் வாங்கி வந்தார். அப்போது கைப்பேசி ஒலித்தது. ஹார்பினில் அப்போது காலை ஒன்பது மணியைத் தாண்டியிருக்கும்.

"அப்பா, இன்றைக்கு 27 பாகை கீழே போய்விட்டது. காது அறுந்து விழுகிற மாதிரி இருக்கிறது. உணவகத்தில் சோறு வேகவே இல்லை. அந்தப் பாடம் இன்னும் பிடிபடவில்லை. எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை அப்பா..."

குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் வண்டியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சொல்லு கண்ணு, சொல்லு" என்றார்.